அறுபது நாள் வயிறு

நிமியா ரொத்தேலாவின் கண்ணை ஏமாற்றிய பெண் சான் லொரென்சோ ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் அவள் மேற்பார்வைக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. புதிதாகச் சேரும் பெண்ணின் தையலை முதல் வாரம் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வயிற்றைத்தான் பார்ப்பாள். வயிற்று மேட்டை அல்ல. அது ஐந்தாம் மாதத்தில் குருடனுக்கும் தெரிந்துவிடும். இஸ்திரிப்பெட்டியின் ஆவி முகத்தில் அடிக்கும்போது அந்தப் பெண் எச்சிலை எப்படி விழுங்குகிறாள், சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சை நிமிர்த்துகிறாளா குனிகிறாளா, கழிவறைக்குப் போனவள் எந்த முகத்தோடு திரும்புகிறாள், இவையெல்லாம் அவள் கணக்கு. விழுங்கிய ஏப்பத்துக்கும் வராத ஏப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் முப்பது அடி தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியும் என்பார்கள்.

இப்படி இதுவரை பதினொரு பெண்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். பதினோராவது பெண்ணுக்குத் தான் உண்டாகியிருப்பதே தெரியாது. நிமியா கணக்கைத் தீர்த்து அனுப்பிய பிறகு, ஏன் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறி, மூன்றாவது நிறுத்தத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு விளங்கியதாம்.

"எப்படி ஞா நிமியா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கூடத்துப் பெண்கள் கேட்பார்கள். வயதில் பெரியவளை அங்கே 'ஞா' போட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

"கண்டுபிடிக்கிறதாவது! வேலையப் பாருங்கடி" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அந்த வராத வார்த்தைதான் இந்தக் கதை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. காகுவாசுப் பக்கத்து மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஒரு பையும் ஒரு கட்டட மேஸ்திரியுமாகப் புறப்பட்டு வந்தவள். ஆறு மாதத்தில் பை மட்டும் மிஞ்சியது. மேஸ்திரி புவெனோஸ் ஐரெஸில் அடுக்குமாடி கட்டுகிறேன், நிலையானதும் கூப்பிடுகிறேன் என்று ஆற்றைக் கடந்து போனான். இரண்டு வாரம் போன் மணி அடித்தது. மூன்றாவது வாரம், அப்படி ஒரு எண்ணே உலகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்லிவிட்டது.

தையல் கூடத்து முதலாளி தோன் வில்ஃப்ரிதோ அவளுக்குக் காலர் மெஷினைக் கொடுத்தார். முதல் அறுபது நாள் சோதனைக் காலம். அதற்குள் எந்த நாளும், எந்தக் காரணமும் சொல்லாமல், "நாளைக்கு வர வேண்டாம்" என்று அனுப்பிவிடலாம். அறுபது தாண்டிவிட்டால் கையில் காப்பீட்டு அட்டை. பிரசவத்துக்குப் படுக்கை, டாக்டர், பிறகு சம்பளத்தோடு விடுப்பு. அதோடு, உண்டான பெண் என்று ஒரு சான்றிதழை நீட்டிவிட்டால் முதலாளியின் தாத்தாவே கல்லறையிலிருந்து எழுந்து வந்தாலும் அவளை வேலையை விட்டு எடுக்க முடியாது. சட்டம் அப்படி. தோன் வில்ஃப்ரிதோவுக்கு அந்தச் சட்டத்தின்மேல் தீராத வருத்தம்.

"பிள்ளைத்தாச்சிக்கு வேலை குடுக்கிறது, மெஷினையும் குடுத்துத் தொட்டிலையும் குடுக்கிற மாதிரி" என்பார். "மாட்டேன். அறுபதுக்குள்ள பாத்துச் சொல்லு, ஒப்துலியா."

மேற்பார்வை ஒப்துலியாவும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிமியாவுக்குத் தான் உண்டாகியிருப்பது தெரிந்தது பன்னிரண்டாவது நாள். மீதி நாற்பத்தெட்டு நாள். மறைக்க வேண்டியது பிள்ளையை அல்ல. அது அவரைக்கொட்டை அளவில் சமர்த்தாக உள்ளே சுருண்டு கிடந்தது. மறைக்க வேண்டியது அவளுடைய குடலை. அது ஊருக்கே தண்டோரா போட எழுந்து நின்றது.

முதலில் குமட்டல். காலையில் என்பார்கள். பொய். காலையில் தொடங்கும், அவ்வளவுதான். மாட்டுக்கொழுப்பில் பொரித்த மாவின் வாசனை இரண்டு தெரு தள்ளி வந்தால் போதும், அவளுடைய வயிறு காலிழந்த நாற்காலிபோல் சாயும். கூடத்துக் கழிவறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் ஒப்துலியாவின் மேசை. அங்கே வாந்தி எடுப்பதும் கோயில் மணியை இழுப்பதும் ஒன்று. அதனால் நிமியா ஓசையில்லாமல் வாந்தி எடுக்கப் படித்தாள். அதைப் படித்தவள் நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, பாவாடை விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தெறிக்க, ஒரு பூனைக்குட்டி தும்மும் அளவு சத்தத்தில் முடித்துவிடுவாள். பிறகு முகத்தைக் கழுவி, உதட்டில் சாயம் தீட்டி, சிரித்துக்கொண்டே வெளியே வருவாள்.

பன்னிரண்டாவது நாள் சாயங்காலம் சுகாதார நிலையத்து நர்ஸ் தெயோலிந்தாவிடம் போனாள். தெயோலிந்தா ஆயிரம் வயிறு பார்த்தவள். இரக்கத்தை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன சாப்பிடற?"

"காலையில ஒண்ணும் இறங்கல. மத்தியானம் பசி தாங்காம ஒரு தட்டு நிறைய."

"நல்லா இருக்கு. காலையில வயித்தக் காயப் போடுறது, மத்தியானம் மூட்டை கட்டுறது. அது வயிறா, லாரியா? கேளு. கண்ணு முழிச்சதும் எந்திரிக்காத. தலைமாட்டுல காஞ்ச பிஸ்கட் வச்சுக்க. ரெண்டு மென்னு முழுங்கிட்டு, கால் மணி கழிச்சு எந்திரி. ரெண்டு மணிக்கு ஒரு தடவ ஒரு பிடி. ஒரு பிடின்னா உன் கைப்பிடி, உன் மாமியார் கைப்பிடி இல்ல."

"மாமியார் இல்ல."

"ஒரு நோவு குறைஞ்சுது. நெஞ்சு எரியுதா?"

"எரியுது. தெரெரேல புதினாவ நிறையக் கசக்கிப் போட்டுக் குடிக்கிறேன்."

"குடி, குடி. எரியற வீட்டுல மண்ணெண்ணெய ஊத்து. குமட்டலுக்குப் புதினா சரி. எரிச்சலுக்கு அது கதவத் திறந்து விட்டுரும், உள்ள இருக்கிற புளிப்பெல்லாம் தொண்டைக்கு வரும். பொரிச்சது வேணாம். சோடா உப்ப அள்ளி வாயில போட்டுக்காத. சாப்பிட்ட உடனே சாயாத. ராத்திரி தலமாட்ட உசத்திக்க, இடப்பக்கமாப் படு. போக வரச் சிரமமா இருக்கா?"

நிமியா தலைகுனிந்தாள்.

"எத்தன நாள்?"

"அஞ்சு."

"அஞ்சு நாள் ஊர்க்குப்பையச் சுமந்துட்டு வந்திருக்க, வெக்கம் வேற. தண்ணி குடி. ஆரஞ்சச் சக்கையோட தின்னு. சாயங்காலம் பஸ்ஸ விட்டுட்டு நட. பேதிக்கு எவளாவது மூலிகை குடுத்தா வாங்காத. முக்கியமா அந்தக் காரே. நாத்தப் பூண்டு. பூச்சிக்குன்னு குடுப்பாளுங்க. பூச்சியோட சேத்து உள்ள இருக்கிறதையும் இறக்கிரும். ரத்தம் பட்டாலோ, குடிச்ச தண்ணிகூடத் தங்காமப் போனாலோ ஓடியா. அடுத்த ஆள்!"

சொன்னதையெல்லாம் நிமியா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பிஸ்கட்டை உள்பாவாடைப் பையில் ஒளித்து வைத்து, மெஷினுக்குக் குனியும்போதெல்லாம் எலிபோலக் கொறித்தாள். குமட்டல் பாதியாகக் குறைந்தது. புதினாவை விட்டதும் நெஞ்சு எரிச்சல் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கிப் படுத்தது. நடந்து நடந்து குடலும் ஒருவழியாக வழிக்கு வந்தது. ஆனால் வழிக்கு வந்த குடல் வாயுவையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஏப்பத்துக்கு மருந்து பக்கத்து ஓவர்லாக் மெஷின். அந்தக் கிழட்டு மெஷின் ஓடினால் ஆகாயவிமானம் கூரைமேல் இறங்குவதுபோல் இருக்கும். ஏப்பம் தொண்டைக்கு வந்ததும், "கொஞ்சம் இதை ஓட்டிக் குடேன்" என்று ஒரு துணியை அந்தப் பக்கம் தள்ளுவாள். இரைச்சல் எழும். ஏப்பமும் எழும். ஒருநாள் மின்சாரம் பாதியில் நின்றுவிட்டது. அன்றைய ஏப்பத்தில் தெருமுனைக் கோழிகள் கூண்டுக்குத் திரும்பின என்பது கூடத்தில் இன்றைக்கும் சொல்லும் கதை. அன்று மேசைக்கடியில் கிடந்த முதலாளியின் கிழட்டு நாயைப் பார்த்து நிமியா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐய, இந்த நாய்க்கு என்ன குடுக்கறீங்க? உறுமுது, நாறுது."

நாய் அவளை நிமிர்ந்து பார்த்தது. அன்று தொடங்கி, சத்தமில்லாமல் பிரிகிற வாயுவெல்லாம் அந்த நாயின் கணக்கில் ஏறியது. மூன்றாவது வாரம் ஒப்துலியாவுக்குப் பொறுக்கவில்லை. இஸ்திரிப்பெட்டிக்கு வைத்திருந்த கொதிதண்ணீரை அதன்மேல் வீசினாள். பத்து வருடமாக அந்த மேசையடியில் வாழ்ந்த நாய் ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியது. பிறகு திரும்பவில்லை. நிமியாவுக்கு அன்று இரவு வரை மனசு உறுத்தியது. மறுநாள் காலை பிஸ்கட் மென்றபோது மீதி நாளை எண்ணினாள். இருபத்தாறு.

இனி ஒப்துலியாவின் மகள் செல்சா. பத்தொன்பது வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். "எட்டு மாசம் நெஞ்சு எரிஞ்சு பெத்தேன், அந்த எரிச்சலெல்லாம் இவ தலையில முடியா இருக்கு" என்று ஒப்துலியா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நெஞ்சு எரிந்தால் பிள்ளைக்கு முடி அடர்த்தி என்பது அந்த ஊரில் டாக்டர்கள்கூட மறுக்காத சாஸ்திரம். செல்சா திருவிழாவில் மாதாவின் கொடி பிடிக்கும் பெண். நர்ஸ் படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவள். கூடத்தில் காஜா போடுவாள், பட்டன் தைப்பாள், இலைத்தூளில் குளிர்ந்த தண்ணீர் விட்டு உறிஞ்சும் தெரெரேயைப் பத்து மணிக்கு ஊற்றுவாள்.

அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் பார்ப்பாள். நிமியா கழிவறையிலிருந்து வரும்போதெல்லாம் செல்சாவின் கண் அவள்மேல் ஒரு நொடி தங்கும். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து, இஸ்திரி மேசைப் பக்கம் இருந்த நிமியாவை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தாள்.

"எதுக்கு?" என்றாள் நிமியா.

"எனக்கு அங்க வெளிச்சம் கண்ணக் கூசுது."

ஜன்னலோரம் காற்று வந்தது. ஆவி வாடை இல்லை. ஆனால் ஜன்னல் ஒப்துலியாவின் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. ஆத்தா பார்க்கட்டும் என்றுதான் குட்டி இடம் மாற்றியிருக்கிறாள் என்று நிமியா நினைத்தாள். அன்றிலிருந்து செல்சாவின் நிழலைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் ஏறியது.

ஐம்பத்தாறாவது நாள் வந்தது. ஜனவரி மாதம், அந்த நாட்டில் நடுக்கோடை. நிழல்கூட நிழல் தேடும் வெயில். பத்து மணிக்கு எல்லோரும் பின்கட்டுக் கொய்யா மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சு குழல், வட்டம் சுற்றி வரும். மூலிகையை இடித்துக் குடத்துத் தண்ணீரில் போடுவது அன்றன்றைக்கு ஒருத்தி முறை. அன்று ஒப்துலியாவின் முறை.

குடத்தைத் திறந்ததும் நாற்றம் வந்தது. அந்த நாற்றத்தைத் தெரியாதவர் அந்த நாட்டில் இல்லை. காரே.

"புது நிலா, பூச்சியெல்லாம் எந்திரிக்கிற நேரம்" என்றாள் ஒப்துலியா. "இந்த வெயில்ல பூச்சி இல்லாத வயிறு ஏது? எல்லாரும் குடிங்க. ஆளுக்கொரு குவளை. ஒருத்தரும் தப்பக் கூடாது."

பழைய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும். அறுபது நெருங்கும் ஒருத்தி கூடத்தில் இருந்தால் ஒப்துலியாவுக்குப் பூச்சி ஞாபகம் வந்துவிடும். வயிற்றில் ஒன்றுமில்லாதவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிடுவாள். இருக்கிறவள் குடிக்கமாட்டாள், தலைவலி என்பாள், விரதம் என்பாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பாமல், காசு செலவில்லாமல், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"போன வருஷம் ஒருத்தி, பல்லுவலின்னா" என்றாள் ஃபிதெலினா. இருபது வருடமாக ஓவர்லாக் ஓட்டி, காது பாதி போனவள். "ஆறு மாசத்துல அந்தப் பல்லு நாலு கிலோவுல வெளிய வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நிமியாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்.

முதல் குவளை புனித தோமாவுக்கு. அதை ஊற்றி, இலைத்தூளே உறிஞ்ச விட்டார்கள். அவர் மறுத்ததாக வரலாறு இல்லை. பிறகு ஒப்துலியா குடித்தாள். ஃபிதெலினா குடித்து, குழலை உறிஞ்சி அடிவரை காலி செய்து, "பூச்சி செத்துது, கூட நானும் செத்தேன்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னும் இருவர் குடித்தார்கள். வட்டம் நெருங்கியது. கடைசியில் இருவர்தான். ஊற்றுகிற செல்சா, அவளை அடுத்து நிமியா.

செல்சா மரத்தின் அடியில் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாவாடை மறைவில் இரண்டு குடம். ஒன்று காரே. மற்றொன்று ஐஸ் போட்ட தண்ணீர், குறைந்தால் நிரப்பிக்கொள்ள. ஒப்துலியா பக்கத்திலேயே இருந்தாள், ஆனால் மகளைப் பார்க்கவில்லை. அவள் கண் நிமியாவின் முகத்தைத் தவிர வேறெங்கும் போகவில்லை. நிமியாவின் கண்ணோ குவளையை விட்டு நகரவில்லை. தப்ப ஒரு வழி கிடைக்குமா என்று அதன் பின்னாலேயே சுற்றியது.

அதனால்தான் அவள் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. செல்சா தன் முறைக் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். கன்னம் குழியவில்லை. தொண்டை அசையவில்லை. சட்டென்று திரும்பி, "இலை களைச்சுப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே, தண்ணீரும் இலைத்தூளுமாகக் கொய்யா வேரில் கொட்டினாள். குழலைத் துடைத்தாள். புது இலைத்தூள் நிரப்பினாள். குனிந்து தண்ணீர் ஊற்றினாள்.

நிமியா அந்த ஈர வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குவளை அவள் முன்னால் நீண்டது. செல்சாவின் புருவம் இலேசாக மேலே எழுந்தது. குடி என்பதுபோல. அந்தப் புருவத்தில் நிமியா கண்டது ஆத்தாவின் கேலியைத்தான்.

"என்னடி, கையில வாங்கிட்டு ஜபம் பண்றியா?" என்றாள் ஒப்துலியா. "குடி. இல்ல உனக்கும் பல்லு வலிக்குதா?"

சிரிப்பு. கொம்புக் குவளை நிமியாவின் கையில் ஐஸாகக் குளிர்ந்தது. பின்கட்டு முழுக்க அடித்த நாற்றத்தில், இந்தக் குவளையிலிருந்து எது வருகிறது, குடத்திலிருந்து எது வருகிறது என்று அவள் மூக்குக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. குடித்தால் பிள்ளை போகும். குடிக்காவிட்டால் வேலை போகும், வேலை போனால் பிள்ளை பிறக்க இடம் போகும். இன்னும் நான்கே நாள். நான்கு.

"குடிக்கிறேன் ஞா ஒப்துலியா" என்றாள். குரல் அவளுக்கே இனிப்பாகக் கேட்டது. "ஆனா எனக்கு முந்தின முறை செல்சாவோடது. அவ குடிக்கலையே. வேர்ல ஊத்திட்டா. நான் பாத்தேன்."

கொய்யா மரத்தில் ஒரு கிளி இருந்தது. அதுகூட வாயை மூடிக்கொண்டது.

"இவ எதுக்குக் குடிக்கலைன்னா..." என்று சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினாள் ஒப்துலியா. "ஏன் குட்டி, பூச்சி மருந்துன்னா பயமா? சின்னப் பிள்ள மாதிரி. இந்தா." காரே குடத்தைத் தானே எடுத்து, ஒரு தகர டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "இவளுங்க முன்னாடி ஒரே மடக்குல குடிச்சுக் காட்டு."

செல்சா டம்ளரை வாங்கவில்லை.

"குடி."

செல்சா உதட்டை உள்ளே இழுத்து மூடிக்கொண்டாள். அவளுடைய இரண்டு கையும் தாமாகவே வயிற்றின்மேல் போய் உட்கார்ந்தன. அப்புறம் யாரும் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஃபிதெலினாதான் முதலில் மூச்சு விட்டாள். "மாதாவே, கொடிபிடிச்ச பொண்ணு" என்று அவள் சொன்னது, காது கேளாதவளின் சத்தத்தில், தெருவரைக்கும் போனது.

டம்ளர் செல்சாவின் நெற்றியில் பட்டு உருண்டது. ஒப்துலியா அந்தப் பின்னலை, எட்டு மாதம் எரிந்து வளர்த்த அந்தப் பின்னலை, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மகளைக் கூடத்துக்குள் இழுத்துப் போனாள். முக்காலி சாய்ந்தது. உள்ளே ஒரு மெஷின் கவிழ்ந்த சத்தம். யாரும் எழுந்து போகவில்லை. "யாரு பையன்னு கேளுங்கடி" என்றாள் ஒருத்தி.

நிமியாவின் கையில் குவளை அப்படியே இருந்தது. கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தால் இப்போதாவது யாராவது கவனித்துவிடுவார்கள். குழலை உதட்டில் வைத்து, கொஞ்சமாக, நாக்கு நுனி நனையும் அளவு உறிஞ்சினாள்.

வெறும் தண்ணீர்.

ஐஸ் தண்ணீர். புது இலையின் கசப்பு. எங்கோ ஓரத்தில் எலுமிச்சைப் புல் வாசனை. காரேயின் நாற்றம் மருந்துக்கும் இல்லை.

நம்ப முடியாமல் இன்னொரு வாய் இழுத்தாள். அதுவும் தண்ணீர். குழல் கரகரவென்று ஒலிக்கும்வரை குடித்து முடித்தாள். அந்தப் பக்கத்துப் பெண்கள், "பாரு, எவ்வளவு துணிச்சலாக் குடிக்கிறா" என்றார்கள்.

அன்று மாலையே செல்சாவைத் தாய்மாமன் வந்து கூட்டிப் போனான். சாக்கோ காட்டில், கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு நாள் குதிரைவண்டிப் பயணத்தில் அவனுடைய மாட்டுப்பண்ணை. அங்கே குளவிகூட வழிதவறித்தான் வரும். நுழைவுத் தேர்வு அட்டை ஒப்துலியாவின் மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது. கூடத்தில் யாரும் செல்சாவின் பெயரை எடுக்கவில்லை. எடுத்தவள் ஃபிதெலினா ஒருத்திதான். அவளுக்கும் ஒரு வாரச் சம்பளம் வெட்டு.

ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. நிமியாவின் வயிறு அந்த மூன்று நாளும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. குமட்டவில்லை, எரியவில்லை. கல்லைப்போல் சும்மா இருந்தது. அவள்தான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல மறந்தாள்.

அறுபத்தோராவது நாள் காலை, நர்ஸ் தெயோலிந்தா முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழையும் அதன் நகலையும் இரண்டாக மடித்துக்கொண்டு, துணிக் கிடங்கில் ஒப்துலியா தனியாக இருந்தபோது போய் நின்றாள்.

ஒப்துலியா காகிதத்தைப் பிரித்தாள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறவள். முடிக்க வெகுநேரம் ஆனது. முடித்த பிறகும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை.

"எத்தன மாசம்?"

"நாலு ஆகப்போகுது."

"அவளுக்கும் நாலுதான்."

நிமியா காகிதத்துக்குக் கை நீட்டினாள். ஒப்துலியா விடவில்லை.

"அன்னிக்கு நீ குவளையைக் காலி பண்ணினதா சொன்னாளுங்க."

"ஆமா."

"காரே குடிச்ச வயிறு இப்படி நிக்காது." ஒப்துலியா அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் நிமியாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "குடத்தையெல்லாம் நான்தான் கழுவி வச்சேன். ஐஸ் தண்ணிக் குடம் குறைஞ்சிருந்துச்சு. அதத் தொடுறதுக்கு அன்னிக்கு யாருக்கும் வேலை இல்ல. என் மக உனக்குச் சுத்தத் தண்ணி ஊத்தியிருக்கா."

ஒப்துலியா காகிதத்தின் மடிப்பை நகத்தால் நீவினாள்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்? காட்டிக் குடுக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

நிமியாவின் நெஞ்சில் எரிச்சல் திரும்ப ஏறியது. தொண்டைவரை புளித்துக்கொண்டு வந்தது. விழுங்கினாள்.

"அப்புறம்."

ஒப்துலியா தலையாட்டினாள். அந்தப் பதில் எதையோ மாற்றும் என்று நினைத்தவள்போல, மாற்றவில்லை என்று கண்டவள்போல. மேசைக்குப் போய், நகலில் தேதி எழுதி, கூடத்தின் முத்திரையைக் குத்தி, ஈரம் காய ஒருமுறை ஊதி, அவள் கையில் கொடுத்தாள்.

"இனி உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். "நாப்பது காலர் பாக்கி. போய் உக்காரு."

நிமியா போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நாற்பதையும் தைத்து முடித்தாள். ஒன்றில்கூடத் தையல் கோணவில்லை.